கண்ணாடிக்குள் ஒரு குளம்

தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் திருவிழா ஜூலை 26-ம் தேதி கொடியேறி ஆகஸ்டு 5-ம் தேதி முடிகிறது. அந்தப் பத்து நாளும் ஊரிலுள்ள குழந்தைகளின் கைகளில் எதைத்தான் காணமுடியாது? பலூன், ஊதல், பஞ்சு மிட்டாய் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேரும். ஒரு வருஷம் நம் வீட்டுக்கு ஒரு மீன் வந்து சேர்ந்தது. நீர் நிரப்பி முடிச்சுப் போட்ட சிறு பிளாஸ்டிக் பைக்குள் செக்கச் செவேலென்று ஒரு தங்க மீன்! அதற்கென்று இரண்டு லிட்டர் கொள்ளும் ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கினோம்; குழாய் ஜலத்தைப் பிடித்து நிரப்பினோம்; மீனை விட்டோம். குழந்தை அன்றிரவு கிண்ணத்தின் அருகிலேயே பாயை விரித்துப் படுத்துக் கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் மீன் வயிற்றைக் காட்டிக் கொண்டு மிதந்தது.

"தண்ணியிலதானே இருந்துச்சு? பின்ன ஏன் செத்துப் போச்சு?" என்று குழந்தை கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை. "ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லி மழுப்பினோம். குழந்தை அதை நம்பவில்லை. நாமும் நம்பவில்லை.

அடுத்த வீட்டில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். கடற்கரையில் முத்துச் சிப்பி வளர்க்கும் தொட்டிகளில் வெகு காலம் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீங்க மீனை வளர்க்கப் பார்த்திருக்கீங்க. முதல்ல தண்ணியை வளர்க்கணும். சிப்பித் தொட்டியில எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்" என்றார்.

தண்ணீரை வளர்ப்பதா? வேடிக்கையான பேச்சு என்று அப்போது நினைத்தோம். பிறகு அவரிடமே பாடம் கேட்டுக் கொண்டோம். அந்தப் பாடத்தைத்தான் இங்கே நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

தண்ணீருக்குள் நடப்பது என்ன?

மீன் சாப்பிடுகிறது, கழிவை வெளியே விடுகிறது, அதன் செவுள்களின் வழியாகவும் கழிவு வெளியேறுகிறது. இந்தக் கழிவில் முக்கியமானது அம்மோனியா. குளத்திலும் ஆற்றிலும் ஏராளமான ஜலம் இருப்பதால் அது கரைந்து மறைந்துவிடுகிறது. இரண்டு லிட்டர் கிண்ணத்தில் அது எங்கே போகும்? மீனைச் சுற்றியே நின்று அதன் செவுளை எரிக்கிறது. நம் வீட்டு மீன் தன் கழிவிலேயே நஞ்சுண்டு இறந்தது. குழாய் ஜலத்தில் கிருமிகளைக் கொல்வதற்காகக் கலந்திருந்த குளோரின் அந்த வேலையை இன்னும் துரிதப்படுத்தியிருக்க வேண்டும்.

இயற்கையில் இந்த நஞ்சுக்கு மாற்று உண்டு. மண்ணிலும் கல்லிலும் இலையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் என்ற பொருளாக மாற்றுகிறது. அதுவும் விஷந்தான். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டினால் மீனுக்கு அவ்வளவு தீங்கில்லை. செடிகளுக்கோ அது எரு. மீனின் கழிவு செடிக்கு உணவாகிறது. செடி பகல் வெளிச்சத்தில் பிராணவாயுவை நீரில் கலக்கிறது. இந்தச் சக்கரம் ஒரு முறை சுழலத் தொடங்கிவிட்டால் அதுவே நீரைக் காப்பாற்றிக் கொண்டு போகும். ஆனால், அந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அண்ணாச்சி சொன்ன 'தண்ணீர் வளர்ப்பு' இதுதான்.

இந்த உண்மையை லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் 1850-ம் வருஷத்தில் ரசாயன சங்கத்தாருக்கு எடுத்துரைத்தார். ஒரு பெரிய பாத்திரத்தில் மணலும் கல்லும் இட்டு, வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு தங்க மீன்களை விட்டார். செடியின் அழுகிய இலைகளால் நீர் கெடுவதைக் கண்டு சில குளத்து நத்தைகளையும் விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நாலு வருஷம் கழித்து, 1854-ல், பிலிப் காஸ் என்பவர் வெளியிட்ட புத்தகத்தின் மூலம் 'அக்வேரியம்' என்ற பெயர் உலகெங்கும் பரவிற்று. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ல் ஒரு மீன் காட்சிசாலை ஏற்பட்டது.

முத்துக் கரை கற்ற பாடம்

தண்ணீரை வளர்க்கும் வித்தையைத் தூத்துக்குடி மிகவும் பெரிய அளவில் கற்றிருக்கிறது. கற்றுக்கொள்ளும்படி நேர்ந்த காரணந்தான் சந்தோஷமானதல்ல.

தாம்பிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்த கொற்கை முத்துக்காகப் பண்டை நாளில் தேசாந்தரங்களிலிருந்து கப்பல்கள் வந்தன. கொற்கைக்குப் பின் காயல், காயலுக்குப் பின் தூத்துக்குடி என்று முத்துத் துறை இடம் மாறிற்று. முத்து மட்டும் மாறவில்லை. ஆனால், சிப்பிப் பார்களோ நம்மிடம் சொல்லிக் கொண்டு விளைவதில்லை. சில வருஷம் கோடிக்கணக்கில் சிப்பி கிடக்கும். பிறகு பல வருஷம் பார் வெறிச்சோடிக் கிடக்கும். 1955 முதல் 1961 வரையில் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு இந்தக் கரையில் அந்தக் காட்சி இல்லை.

கடல் கை விரித்த பிறகு மனிதன் பாத்திரத்தை எடுத்துக் கொண்டான். தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சாமியும் அவருடைய கூட்டத்தாரும் 1973-ல் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளையச் செய்தார்கள். அதற்கும் சிப்பி வேண்டுமே! 1981-ல் தூத்துக்குடித் தொட்டிகளிலேயே சிப்பியை முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்தெடுத்தார்கள். கடல் நீரை வடிகட்டி, அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியை முன்னதாகவே தனியே வளர்த்து, அதைக் குஞ்சுகளுக்கு ஆகாரமாகக் கொடுத்தார்கள். முதலில் நீர், அடுத்தது பாசி, கடைசியில்தான் சிப்பி! வரிசை மாறினால் ஒரு குஞ்சும் தேறாது. ஒரு சிப்பிக்கு இருக்கும் நியாயம் ஒரு மீனுக்கு இல்லாமற் போகுமா?

எந்த மீன்?

சிறிய தொட்டியில் ஒரே ஒரு மீன் என்று வைத்துக் கொண்டால் எல்லோரும் முதலில் நினைப்பது சயாம் சண்டை மீனைத்தான். 'ஃபைட்டர்' என்று கடைகளில் விற்கிறார்களே, அதுதான். சென்னையில் கொளத்தூர்ப் பக்கத்தில் வர்ண மீன் வளர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம்; அங்கிருந்து இந்த மீன் தேசமெங்கும் போகிறது. இரண்டு ஆண் மீன்களை ஓரிடத்தில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். ஆகையால், அதற்குத் தனி வாசமே உசிதம். சயாம் தேசத்தார் 2019-ல் இதைத் தங்கள் தேசிய நீர்வாழ் பிராணியாகவே பிரகடனம் செய்துவிட்டார்கள்.

அவர்களைப் பாராட்டுவோம். ஆனால், 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊரில் இருந்து கொண்டு, நமக்கென்று ஒரு மீன் இல்லையா என்று கேட்காமல் இருக்க முடியுமா?

இருக்கிறது. தமிழ் நாட்டு வயல் வாய்க்காலிலும் குட்டையிலும் கோரைப் புல்லுக்கிடையே இரண்டு, இரண்டரை அங்குல நீளத்தில் ஒரு பழுப்பு நிற மீன் ஒளிந்து திரிகிறது. வாலின் நடுவே ஊசிபோல ஒரு கதிர் நீண்டிருப்பதால் ஊசிவால் என்று இங்கே அழைப்போம். சாஸ்திரக்காரர் இதற்கு இட்ட பெயர் சூடோஸ்ப்ரோமினஸ் குபானஸ். பிரெஞ்சுப் பண்டிதரான கூவியே 1831-ல் இதை வர்ணித்தார். அந்தக் 'குபானஸ்' எங்கிருந்து வந்தது தெரியுமா? புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரியாங்குப்பத்து ஆற்றிலிருந்து மீன் போனது; ஆற்றின் பெயரும் கூடவே போய் லத்தீன் வேஷம் போட்டுக் கொண்டது! நம் குப்பம் உலகத்து நூல்களிலெல்லாம் இருக்கிறது; நமக்குத்தான் தெரியாது.

சயாம் மீனுக்கும் ஊசிவாலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் பொதுவான ஒரு விசேஷம் உண்டு. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி, அதில் தேக்கி, ரத்தத்துக்குப் பிராணவாயுவை எடுத்துக் கொள்ளும். டேனிஷ் கம்பெனியைச் சேர்ந்த லெப்டினன்ட் டால்டார்ஃப் என்பவர் 1791-ல் தரங்கம்பாடியில் பனையேறி மீன் ஒன்றைப் பனை மரத்தின் மேல் ஐந்தடி உயரத்தில் பிடித்ததாக எழுதி வைத்தார். அது உண்மையில் மரமேறுமா என்று இன்னமும் வாதம் நடக்கிறது. ஆனால், ஈரத் தரையில் ஊர்ந்து போகும் என்பதிலும், காற்றைச் சுவாசிக்கும் என்பதிலும் சந்தேகமில்லை.

இந்த வரமே இம்மீன்களுக்குச் சாபமாகவும் முடிந்தது. காற்றைச் சுவாசிப்பதால் அழுக்கு நீரிலும் சில நாள் உயிரோடு இருக்கும். அதைக் கண்டு, 'இதற்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும்' என்று சொல்லி விற்கிறார்கள். சிறைச்சாலையிலும் மனிதன் உயிரோடுதான் இருக்கிறான். அதற்காக அதை வீடு என்று சொல்வோமா?

தொட்டியும் மண்ணும்

நாம் அமைத்தது ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி. மண் போக, மேலே ஒன்றரை அங்குலம் இடம் விட்டு நிரப்பினால் சுமார் 22 லிட்டர் ஜலம் கொள்ளும். மண்ணும் நீரும் கண்ணாடியும் சேர்ந்து 40 கிலோ கனக்கும். ஆட்டம் கொடுக்கும் முக்காலியில் வைத்தால் விபரீதம். வைக்கும் இடத்தை முதலில் தீர்மானித்துக் கொள்ளவேண்டும். மேற்கு வெயில் விழும் சுவர் ஓரம் கூடவே கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் தொட்டி வெந்நீர் அண்டாவாகிவிடும்.

அடியில் ஓர் அங்குல உயரத்துக்குக் குளத்து வண்டல். உரமும் மருந்தும் தெளித்த வயலின் மண் உதவாது. வண்டலைச் சலித்து, ஊற வைத்து, மேலே மிதக்கும் தூசியை இரண்டு மூன்று முறை வடித்துவிட வேண்டும். அதன் மேல் ஒன்றரை அங்குலம் கழுவிய ஆற்று மணல். கடற்கரைதான் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கிருந்து மணல் அள்ளி வரலாகாது. அதில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். மணலில் சிறிது எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சிப்பிச் சுண்ணாம்பு இருக்கிறதென்று அர்த்தம். நாளடைவில் அது கரைந்து நீரைக் கடினமாக்கிவிடும்.

ஜலத்திலும் நம் ஊரில் கவனம் வேண்டும். உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் கிணற்று நீரின் ருசியை நாம் சொல்ல வேண்டியதில்லை. வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாம்பிரபரணி ஜலமே உத்தமம். அதை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். மணலின் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றினால் வண்டல் கலங்காது.

செடிகளும் காத்திருத்தலும்

செடிகளுக்காக வெளிநாட்டுப் பட்டியல்களைப் புரட்ட வேண்டியதில்லை. வல்லாரையைப் போலவே ஞாபக சக்திக்கு மருந்தென்று வைத்தியர்கள் கொடுக்கும் நீர்ப்பிரமி நீருக்கடியிலும் செழித்து வளரும். உலகமெங்கும் மீன் தொட்டிக்காரர்கள் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நாடாப் போல நீளும் வாலிஸ்நேரியாவைத் தொட்டியின் பின்புறத்தில் நடலாம். வேலம்பாசி வெகு வேகமாக வளர்ந்து அம்மோனியாவை உறிஞ்சும். ஆரம்பத்தில் அதுவே பெரிய காவல். கொண்டு வந்த செடிகளை நன்றாக அலசி, இரண்டொரு நாள் தனி வாளியில் போட்டு வைத்துப் பிறகு நடுவது நல்லது. குளத்து நத்தை இரண்டு வந்து சேர்ந்தால் வரவேற்கலாம்.

செடிக்குக் காலை வெளிச்சம் போதும். இல்லாவிட்டால் சிறிய மின்விளக்கு ஒன்றை ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிக்கலாம். அதற்கு மேல் போனால் கண்ணாடி முழுதும் பாசி படர்ந்து விடும்.

இனிமேல்தான் கஷ்டமான வேலை: சும்மா இருப்பது! தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறுந் தொட்டியில் போட வேண்டும். அது அழுகி அம்மோனியாவாகி நுண்ணுயிர்களை வளர்க்கும். இரண்டாம் வாரத்தில் நீர் பால் போலக் கலங்கும். பயந்து கொட்டிவிடக் கூடாது. தானே தெளியும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்கும் சொட்டு மருந்துகள் மீன் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டும் இல்லை என்று காட்டும்வரை மீன் பேச்சே கூடாது. இன்னொன்று, மீனில்லாத நீர் கொசுவுக்கு மாளிகை. ஆகையால், மெல்லிய வலைத் துணியால் தொட்டியைக் கட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மீன் வருவதற்குள் டெங்கு வந்துவிடும்.

நம் குழந்தை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக் கொண்டே வந்தாள். முப்பத்தெட்டாவது நாள் அண்ணாச்சி சோதித்துப் பார்த்துவிட்டு, "இனி விருந்தாளியைக் கூப்பிடலாம்" என்றார். மறுநாள் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாய்க்காலில் துண்டை வீசி ஒரே ஒரு ஊசிவாலைப் பிடித்து வந்தார்.

விருந்தாளியின் உபசாரம்

மீன் இருக்கும் பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் விடவேண்டும். தொட்டிக்குக் காற்றுப் புகும் மூடி அவசியம். இந்த மீன் துள்ளும். மேலே வந்து காற்றும் குடிக்க வேண்டும். பலமான நீரோட்டம் இதற்குப் பிடிக்காது. ஆகையால், ஒரு மீனும் நிறையச் செடியும் உள்ள தொட்டியில் யந்திரம் இல்லாமலே சமாளிக்கலாம்.

ஆகாரம் நாலைந்து கொசுப் புழு, அல்லது அதே அளவு பொடித் தீனி. மீனின் கண்ணளவுதான் அதன் வயிறு என்று அண்ணாச்சி சொல்வார். வாரத்தில் ஒரு நாள் உபவாசம் இருந்தால் நல்லது. நம் வீட்டில் ஏகாதசி விரதத்தைப் பாட்டியும் மீனும் மட்டுமே அனுஷ்டிக்கிறார்கள்.

வாரம் ஒரு முறை ஐந்து லிட்டர் நீரை எடுத்துவிட்டு, முன்னாளே பிடித்து வைத்த நீரை ஊற்ற வேண்டும். எடுத்த நீரைத் துளசிச் செடிக்கு விடலாம். நைட்ரேட் கலந்த நீர் அதற்கு நல்ல எரு. வெயில் காலத்தில் நீர் வற்றும்போது மேலும் மேலும் ஊற்றிக் கொண்டே போனால் உப்பு தங்கிவிடும், எடுத்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும். முழுத் தொட்டியையும் கொட்டிக் கழுவும் சுத்தம் மட்டும் வேண்டாம். ஆறு வாரத்து நுண்ணுயிர்களை ஒரு நிமிஷத்தில் கொன்ற பாவம் வந்து சேரும்.

எடுக்கக் கூடாததும் விடக் கூடாததும்

தொட்டி அழகாக அமைந்துவிட்டால் ஆசை வளரும். 'ஒரு பவளக் கல் வைத்தால் என்ன? ஒரு கடற்குதிரை விட்டால் என்ன?' என்று தோன்றும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஏற்படுத்தியிருக்கிறார்கள். 2001 முதல் பவளமும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தீவுகளில் வெகு காலம் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அந்தத் தீவுகளில் ஒன்றான விலாங்குச்சல்லி இன்று நீர் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. முத்துப் பாரும் வெறிச்சோடி, பவளத் தீவும் அமிழ்ந்த கரையில் இருந்து கொண்டு, வீட்டு அலங்காரத்துக்காகக் கடலில் கை வைப்பது நியாயமா?

எடுப்பதைப் போலவே விடுவதும் ஆபத்து. வளர்த்து அலுத்த மீனை, 'புண்ணியமாய்ப் போகட்டும்' என்று ஆற்றில் விடுகிறவர்கள் உண்டு. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த திலேப்பியா இன்று ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் நம் குளங்களையெல்லாம் ஆக்கிரமித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக் கொண்டது. ஆகாயத் தாமரையும் அழகுக்காக வந்த அந்நியச் செடியே. இப்போது வாய்க்கால்களை அடைத்துக் கொண்டு நிற்கிறது. வேண்டாமென்றால் மீனைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். மிஞ்சிய செடியை வெயிலில் காயப் போடுங்கள். தாம்பிரபரணிக்கு மட்டும் அதைத் தானம் செய்யாதீர்கள்.

நம் ஊசிவால் வந்து எட்டு மாதம் ஆகிறது. பழுப்பு நிறந்தான். ஆனால், காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது துடுப்பின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு ஓடும். அதைப் பார்ப்பதற்காகக் குழந்தை எழுப்பாமலே எழுந்துவிடுகிறாள். சென்ற திருவிழாவில் அதே தங்க மீன்களை மறுபடியும் பார்த்தாள். நாம் பயந்து கொண்டே, "ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டோம்.

சிறிது நேரம் அவற்றையே பார்த்துக் கொண்டு நின்றவள், "வேண்டாம். அதுக்கு இன்னும் தண்ணி வளர்க்கலையே" என்றாள்.